பசியாவரத்துத் துப்பாக்கியை நான் துலக்கிய கதை

நீங்கள் மூன்று பேரும் கோட்டையின் பழைய ஆயுத அறைக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று கேள்விப்பட்டேன். வந்த வேகத்தில் அறையையே தலைகீழாக்கிவிட்டீர்களாம். வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறதாம். எங்கள் ஊருக்கு நண்டு வாங்க வந்த கோட்டைச் சமையல்காரர் சொன்னார். அவர் மெச்சித்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று மத்தியானம் கஞ்சி இறங்கவில்லை.

எனக்குக் கண் மங்கிவிட்டது. அதனால் எங்கள் தோணிரேவில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைக்கிறேன். என் பேச்சை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று அவர் அதை நல்ல தமிழாக்கிக்கொள்கிறார். அது அவர் இஷ்டம். அன்றைக்கு நானும் மற்றவர்களும் பேசியதை மட்டும் பேசியபடியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

துரு எடுப்பது எப்படி, எந்த எண்ணெய் எதற்கு, வாளை ஏன் தோல் உறையில் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் உங்கள் மேஸ்திரி சொல்லித்தருவார். அதைச் சொல்ல நான் தேவையில்லை. நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்ல வருகிறேன். கோட்டையில் நான் பார்த்த இருபத்தாறு வருஷ வேலையில் நிறையத் தப்பு செய்திருக்கிறேன். மற்றவற்றை மறந்துவிட்டேன், அல்லது மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன். இதை மட்டும் முடியவில்லை.

முதலில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். தன்னைப் பற்றி நாலு பேர் பேசினாலே அவருக்குக் கோபம் வரும். என்னைவிட ஆறு வயது சின்னவர். வடக்கே தெலுங்குப் பக்கத்துக் கொல்லர். வலது கால் கொஞ்சம் இழுக்கும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எனக்கு இளையவனிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று முதல் வாரம் முழுக்க முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த முதல் வாரத்திலேயே ஒரு வாளின் பிடியைக் கழுவச் சொன்னார். பிடி முழுக்க வெள்ளிக் கம்பியால் பூ வேலை. கழுவி முடித்து, அழுக்குத் தண்ணீரை ஜன்னல் வழியாக அகழியில் ஊற்றினேன். வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அவர், ஒரு பூவில் ஓர் இதழைக் காணோம் என்றார்.

"எங்க ஊத்தின?"

"ஜன்னலு வழியா."

"போயி எடுத்துனு வா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. மூன்று நாள் அகழிச் சேற்றில் இடுப்பளவு நின்று கையால் தடவினேன். சேற்றில் கைவிட்டு இறால் தடவுவது எங்கள் ஊருக்குப் பிறவித் தொழில். அதனால்தான் மூன்றாம் நாள் அது அகப்பட்டது. அரிசி மணி அளவு கூட இல்லை. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இனிமே எறியாத. சாமான் வூட்டுக்குப் போற வரிக்கும் அதோட அழுக்கும் சாமான்தான்" என்றார். அன்று அவருடைய பத்து வார்த்தையும் அதிலேயே தீர்ந்துபோனது.

அன்று முதல் எதைக் கழுவினாலும் தண்ணீரை ஒரு பானையில் தெளியவைத்து, அடியில் தங்கும் கசண்டைக் காயவைத்து, துணியில் முடிந்து, எந்தச் சாமானுடையது என்று ஓலை நறுக்கில் எழுதிக் கட்டிவைப்பது என் வழக்கமாயிற்று. அதை அறிவால் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு முறை சேற்றில் நிற்கக் கூடாது என்ற பயத்தால் செய்தேன்.

இனி பசியாவரத்துக்கு வருகிறேன்.

அது ஐப்பசிப் புயல் ஓய்ந்த சமயம். ஒரு காலையில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற பசியாவரத்திலிருந்து ஒரு படகு கோட்டைத் துறைக்கு வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் அந்த ஊர் நாட்டார். ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர். இன்னொருத்தி கன்னியம்மா, முப்பது வயதுக்குள் இருக்கும். புயலன்று கடலுக்குப் போன அவள் கணவன் தேசப்பன் திரும்பவில்லை என்று ஏரியைச் சுற்றியிருக்கிற எல்லா ஊருக்கும் தெரியும். உடலும் கரை சேரவில்லை. படகின் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

பழந்துணியில் சுற்றிய ஒரு நீளமான சாமானைக் கன்னியம்மா கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். பிரித்தால் ஒரு துப்பாக்கி. பறங்கிக்காரர்கள் இந்தக் கரையில் இருந்த காலத்தில் விட்டுப்போனது. திரியைப் பற்றவைத்து வெடிக்கிற பழைய வகை. திரியைக் கவ்விப் பிடித்து வெடிமருந்தின் மேல் இறக்குகிற வளைந்த கைக்குக் குதிரை என்று பெயர். உங்களுக்குத் தெரியும். அந்தக் குதிரை முறிந்திருந்தது.

"வெடிக்க மாட்டேங்குதுப்பா தோணிரேவு" என்றார் நாட்டார். ஊர்ப் பெயரையே எனக்குப் பெயராக வைத்துத்தான் அவர் எப்போதும் கூப்பிடுவார். "அமாவாசைக்குள்ள ஓணும். மொடியுமா?"

"ஒரு வாரம் கீது இல்ல, முடிச்சிடலாம். இன்னாத்துக்கு அவசரம்?"

"வேல கீது" என்று மட்டும் சொன்னார்.

கன்னியம்மா துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள். கொடுத்தபிறகும் கையை எடுக்கவில்லை. "குதிரைய மட்டும் பாருண்ணே. வேற ஒண்ணியும் தொடாத" என்றாள்.

சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நாங்கள் ஏரிக்காரர்கள், அவர்கள் கடல்காரர்கள். ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் அவர்கள் வீட்டு வழக்கம் எங்களுக்குத் தெரியாது, எங்களுடையது அவர்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கொல்லர் இரண்டு நாளில் புதுக் குதிரை அடித்துப் பொருத்திவிட்டார். மூன்றாம் நாள் தங்கை கல்யாணத்துக்கு வடக்கே கிளம்பினார். போகும்போது, "சரியாயிட்சி. அப்டியே குடுத்துடு" என்றார். நான் அப்படியே கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் என் கண் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கியின் மரக்கட்டை முழுவதும் கன்னங்கரேல் என்று இருந்தது. தோளில் வைக்கிற அடிப்பக்கத்திலிருந்து பாதிக் கட்டைவரை ஏடு ஏடாகக் கரி, அதன்மேல் எண்ணெய், அதன்மேல் மறுபடி கரி. நம் தொழிலில் கரிதான் முதல் எதிரி. வெடித்த துப்பாக்கியைக் கழுவாமல் வைத்தால், உள்ளே தங்குகிற மருந்துக் கரி ஏரிக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரித்துவிடும். கரியைக் கண்டால் என் கை தானாகத் துணியை எடுக்கும். இவ்வளவு நல்ல சாமானை இந்த மீன்பிடி ஜனங்கள் இப்படியா வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. அவர்களுக்கு ஓர் உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

பூந்திக்கொட்டை ஊறவைத்த வெந்நீரும் மூங்கில் சிம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் தொடங்கி சாயங்காலத்தில் முடித்தேன். கரியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு வட்ட வட்டமாகச் சில தடங்கள் தெரிந்தன. சமையல் செய்த கையோடு தொட்டிருப்பார்கள் என்று நினைத்து அதையும் வழித்தேன். கரிக்கு அடியிலிருந்து பித்தளையில் பதித்த ஒரு கொடி வந்தது. கொடியில் ஒரு பறவை. பறவைக்குத் தந்தத்தில் கண். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். நானே அந்தப் பறவையைச் செய்தமாதிரி பெருமை வேறு.

வழக்கப்படி கழிவைத் தெளியவைத்து, காயவைத்து, முடிந்து, 'பசியாவரம், கட்டை' என்று நறுக்கில் எழுதிக் கட்டினேன். கரிதானே, எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. பழக்கதோஷம், கட்டிவைத்துவிட்டேன்.

அப்போது கோட்டைக்கு அதிகாரியாக இருந்த துரைக்குப் பழைய ஆயுதம் என்றால் உயிர். கப்பலில் வருகிறவர்களிடமும், உள்நாட்டுப் பாளையங்களில் சேவகம் பார்த்தவர்களிடமும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்ப்பார். நம் அறையில் இருக்கிறதில் பாதி அவர் சேர்த்ததுதான். மறுநாள் அறைக்கு வந்தவர் அந்தப் பறவையைப் பார்த்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் வைத்துப் பார்த்தார். பிறகு அதை நடுச்சுவரில் மாட்டச் சொன்னார். ஊர்க்காரர்களுக்கு இதற்குப் பதிலாக ஒரு புதுத் துப்பாக்கியும் ஒரு பை மருந்தும் கொடுத்துவிடு, அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து நானே ஆணி அடித்தேன்.

அமாவாசையன்று காலையில் இருவரும் வந்தார்கள். புதுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் கைவண்ணத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சுவரிலிருந்து இறக்கி, துணி போர்த்தி முற்றத்துக்கு எடுத்துவந்தேன். துணியை விலக்கினேன். கன்னியம்மா பறவையைப் பார்க்கவே இல்லை. கட்டையைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"கரி எங்கண்ணே?"

"இன்னா கரி? அதான் சுத்தமா எடுத்துட்டேனே தங்கச்சி. எவ்ளோ கலீஜா இருந்துச்சி தெரியுமா!"

நாட்டார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுபது வயது மனிதர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"கடல்ல பூட்டவன் ஒடம்பு வந்தா பொதச்சிடுவோம்பா. வரலைன்னா எத்தப் பொதைக்கறது? இத்த வச்சிக் கூப்புடுவோம். கரையில நின்னு மூணு வெடி. உசுரோட இருந்தா கேட்டுனு வந்துடுவான். வரலைன்னா, அவன் பொஞ்சாதி கொழல் வாயில கீற கரிய கட்டவெரல்ல தொட்டு இந்தக் கட்டையில வைப்பா. அதான் அவனுக்கு எடம். அது வரிக்கும் அந்த வூட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டோம். எங்க நைனா இதுல இருந்தாரு. எங்க அண்ணன் ரெண்டு பேரு இருந்தானுங்க."

மூன்று நாள் முன்னால் மூங்கில் சிம்பால் வழித்த ஒவ்வொரு வட்டமும் கண்முன் வந்தது. ஓரமாக இருந்த ஒன்று மிகச் சின்னதாக இருந்தது. சின்ன வயதுப் பெண்ணின் விரலாக இருந்திருக்க வேண்டும்.

கன்னியம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கட்டையில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் எங்க மாமியா வச்ச கரி இருந்துச்சி. எங்க மாமனாரு. அவரு பக்கத்துல இவர வைக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "இப்ப யாருமே இல்லாத எடத்துல இவர மட்டும் எப்டிண்ணே தனியா வுட்டுட்டு வருவேன்?" என்றாள்.

புதுத் துப்பாக்கி தருகிறோம் என்ற வார்த்தை என் நாக்கில்தான் இருந்தது. அதை விழுங்கினேன். அந்த நேரத்தில் மனசு என்னென்னவோ குறுக்குவழி தேடும். விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்றும் தோன்றியது. பிறகுதான் அந்த முடிச்சு நினைவுக்கு வந்தது. அறைக்கு ஓடினேன். அலமாரியின் கீழ்த் தட்டில், நறுக்கோடு, கட்டியது கட்டியபடி இருந்தது. என் வாழ்க்கையில் அந்தக் கொல்லரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டது அப்போதுதான்.

முற்றத்துக்குக் கொண்டுவந்து அவிழ்த்தேன். இரண்டு கைப்பிடி கறுப்புத் தூள். இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதைக் கொடுத்துவிட்டு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பார்கள். ஆனால் நான் முதலில் சொன்னது இதுதான். "எல்லாம் இதுல கீது. ஒரு துளிகூட எறியல. ஆனா யாருது எதுன்னு பிரிக்க மொடியாது. நான் கலந்துட்டேன்."

நாட்டார் தலையை ஆட்டினார். "கலந்து பூட்சே" என்று இரண்டுமுறை சொன்னார்.

கன்னியம்மா குனிந்து அந்தத் தூளை வெகுநேரம் பார்த்தாள். காற்றில் பறக்காமல் இருக்கக் கையால் அணைகட்டிக்கொண்டாள். "கடல்ல மட்டும் இன்னா நாட்டாரே, தனித்தனியாவா கீறாங்க?" என்றாள்.

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்.

இனி துரை. துப்பாக்கி தனக்கு வேண்டும் என்று அவர் சொல்லி இரண்டு நாள்தான் ஆகிறது. அன்று அவர் கப்பல் துறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு சத்தமில்லாமல் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, திருட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம். நாட்டாரே அப்படித்தான் கண்ணால் ஜாடை காட்டினார். அப்படிச் செய்திருந்தால் சிப்பாய்கள் நேராகப் பசியாவரத்துக்குத்தான் போயிருப்பார்கள். என் தப்புக்கு அந்த ஊர் அடிவாங்கும். அவர்களை முற்றத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு கையில் துப்பாக்கியும் ஒரு கையில் முடிச்சுமாகத் துரையைப் போய்ப் பார்த்தேன்.

அவர் பாதித் தமிழும் பாதித் தன் நாட்டுப் பேச்சுமாகப் பேசுவார். எனக்கும் கொஞ்சம் வரும். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. கரிதானே, அதை எடுத்துப்போகட்டும், துப்பாக்கி எதற்கு என்றார். அப்போது ஜன்னலுக்கு வெளியே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தெரிந்தது. கல்லில் பெயரும் பூவும் எலும்பும் செதுக்கி நிறுத்தியிருப்பார்களே, அது. அங்கே ஓர் ஓரத்தில் அவருடைய மகளுக்கும் ஒரு சின்னக் கல் உண்டு.

"துரை, அந்தக் கல்லுங்க மேல கீற எழுத்தையெல்லாம் நான் உளி வச்சி செதுக்கி எடுத்துட்டு, இப்ப கல்லு பளபளன்னு கீது பாருங்கன்னு சொன்னா?"

சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவர் முகம் சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படி நின்றபடியே ஒரு கேள்வி கேட்டார்.

"குதிரையை மட்டும் பார்க்கச் சொன்னார்களா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? "சொன்னாங்க" என்றேன்.

துப்பாக்கியைக் கொடுத்துவிடச் சொன்னார். மூன்று வெடிக்கு நல்ல மருந்தாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நானே கூடப் போய்க் குதிரை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும் என்றார். நாளை முதல் நான் ஆயுத அறைக்கு வர வேண்டாம், மருந்து காயவைக்கும் முற்றத்துக்குப் போக வேண்டும் என்றார். ஒரு வருஷம் அந்த வெயிலில் கந்தக நெடியோடு கிடந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

பசியாவரத்துக்குப் படகில் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. ஊரே கரையில் இருந்தது. நாட்டார் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னார். என்னை யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் அடிக்கவில்லை. ஒருவர் நான் உட்கார ஒரு பழைய வலையை உதறிப் போட்டார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

தூளைப் புன்னை எண்ணெயில் குழைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கணவனை இழந்தவர்கள் வைத்தார்கள். அவர்களும் போய்விட்ட வீடுகளில் மகளோ மருமகளோ வந்து வைத்தாள். எந்த இடம் யாருடையது என்று ஒரு சின்ன வாக்குவாதம்கூட நடந்தது. பித்தளைக் கொடி மறைந்தது. பறவையின் மேல் யாருடைய விரல் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கன்னியம்மாவின் மாமியார் விரல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு விரல் அளவு காலியாக விட்டார்கள்.

பிறகு வெடி. குதிரை சரியாக இறங்கியது. முதல் வெடி. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். இரண்டாவது வெடி. மூன்றாவதற்கு நாட்டார் மருந்து போட்டபோது குழலை நான் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வெடிக்குப் பிறகு வெகுநேரம் நின்றோம். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு படகு வரும் என்று என் மனசு எதிர்பார்த்தது. வரவில்லை.

கன்னியம்மா குழல் வாயில் கட்டைவிரலை வைத்தாள். சூடாக இருந்திருக்கும். விரலை எடுக்கவில்லை. நன்றாக ஒற்றி எடுத்து, காலியாக இருந்த இடத்தில் அழுத்தினாள். அப்போதுதான் அழுதாள். அவள் மாமியாரும் அழுதாள். நானும் அழுதேன்.

எல்லாம் முடிந்தபிறகு நான் செய்ததைக் கேளுங்கள். வெடித்த துப்பாக்கி, உள்ளே கரி, பக்கத்திலேயே கடற்காற்று. என் கை தானாக இடுப்புத் துணியை உருவிவிட்டது. ஊர் முழுக்க என் கையையே பார்த்தது. வெட்கத்தில் செத்தேன். துணியை மறுபடி செருகப்போனேன்.

"கொழல கழுவிக்கோண்ணே" என்றாள் கன்னியம்மா. "கட்டைய மட்டும் வுட்டுடு."

"வெந்நி ஓணுமே தங்கச்சி" என்றேன்.

அவள் தன் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கூரை வழியாகப் புகை கிளம்பியது. புயல் நாளிலிருந்து பற்றவைக்காமல் கிடந்த அடுப்பு அது. ஒரு பானை வெந்நீரைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள். அந்தத் தண்ணீரால் குழலைக் கழுவினேன். கட்டையில் ஒரு சொட்டுகூடப் படாமல் கழுவினேன். கழுவிய தண்ணீரை அவளே வாங்கிக்கொண்டுபோய்க் கடலில் ஊற்றினாள்.

கல்யாணம் முடிந்து திரும்பிய கொல்லரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், நான் கழிவு தெளியவைக்கும் பானையை எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

ஆகவே தம்பிகளா, நீங்கள் இரண்டு மாதமாகத் துலக்கியவற்றில் எது யாருடைய வீட்டுச் சாமான், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று போய் விசாரியுங்கள். கழிவை எடுத்துவைத்திருந்தால் நல்லது. எறிந்துவிட்டிருந்தால், எந்த ஜன்னல் வழியாக ஊற்றினீர்கள் என்று சமையல்காரரிடம் சொல்லி அனுப்புங்கள். கண்தான் மங்கிவிட்டது, கை இன்னும் இறால் தடவுகிற கைதான். அகழியில் இப்போது தண்ணீர் குறைவு. நானும் வந்து இறங்கித் தேடுகிறேன்.